காகிதக் கொக்கும் அம்மாவின் கையும்

"ஒன் புள்ள என்ன படிக்கான்?" என்று யாராவது கேட்டால், "டிப்ளமோ" என்று என் அம்மா பெருமையாகச் சொல்வார்கள். "ஒங்க அம்மா என்ன செய்றாங்க?" என்று என்னைக் கேட்டால் மட்டும், "வீட்லதான் இருக்காங்க" என்று நழுவி விடுவேன். பழைய பேப்பரில் மளிகைக் கடைகளுக்குக் கவர் ஒட்டித்தான் என்னைப் படிக்க வைக்கிறார்கள் என்று சொல்ல வாய் வராது. அந்த வெட்கத்தை விட்ட கதை இது.

எங்கள் ஊர் ஆலய வாலிபர் சங்கத்தில் சனிக்கிழமை மாலை சிறு பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு நடத்துவோம். மாதம் ஒரு நாட்டைப் பற்றிச் சொல்வது என்று முடிவானபோது, ஜப்பான் என் தலையில் விழுந்தது. "நீதான் காலேஜ் படிக்கிற பையன், சொல்லுடே" என்றார்கள். எனக்குத் தெரிந்த ஜப்பான், நம் ஒர்க் ஷாப் சுவரில் தொங்கும் ஐந்து 'எஸ்' போர்டு மட்டும்தான்! செய்ரி, செய்டன், செய்சோ என்று பிள்ளைகளிடம் சொன்னால் எழுந்து ஓடி விடுவார்களே!

நூலகத்தில் தேடிப் படித்தேன். காகிதத்தை மடித்து உருவம் செய்யும் ஓரிகாமி பிடித்துப் போயிற்று. 'ஓரி' என்றால் மடிப்பது, 'காமி' என்றால் காகிதம். இரவு கொக்கு மடிக்க உட்கார்ந்தேன். நாலு தாள் வீண். கவர் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார்கள்.

"ஏல, மடிப்புல நகத்த ஓட்டு. மூலையும் மூலையும் சேரலன்னா கவரே கோணும், கொக்கு கோணாதா?"

புத்தகத்தின் படத்தைப் பார்த்தே அம்மா கொக்கை மடித்து விட்டார்கள். எழுத்து தெரியாது, படம் புரிந்தது.

சனிக்கிழமை தயங்கித் தயங்கி அம்மாவையும் அழைத்துப் போனேன். ஜப்பானில் வீட்டுக்குள் செருப்போடு போக மாட்டார்கள் என்றேன். "நாமளும் அப்பிடித்தானே!" என்றது ஒரு பிள்ளை. சாப்பிடும் முன் கை கூப்பி 'இதடாகிமாஸ்', அதாவது 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்பார்கள் என்றதும், "நம்ம ஜெபம் மாதிரி!" என்றாள் இன்னொருத்தி. பள்ளிப் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டுவார்கள் என்றபோதுதான் முகம் சுளித்தார்கள். ஒரு பையன் கண்ணை இழுத்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு சடாகோ சசாகியின் கதையைச் சொன்னேன். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பிழைத்தாள், ஓட்டத்தில் கெட்டிக்காரியாக வளர்ந்தாள். 1955-ல் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மருந்து சுற்றி வந்த தாளில்கூட மடித்தாள்.

"பொழச்சிட்டாளா அண்ணே?" என்று கேட்டான் கண்ணை இழுத்த அதே பையன்.

இல்லை. அந்த அக்டோபர் 25-ல், பன்னிரண்டு வயதில் இறந்தாள். அவளோடு படித்த பிள்ளைகள் முயற்சி எடுத்து நிதி திரட்ட, 1958-ல் கொக்கைத் தூக்கிப் பிடித்த சிறுமியின் சிலை ஹிரோஷிமாவில் எழுந்தது. இன்றும் அங்கே உலகமெங்கும் இருந்து காகிதக் கொக்குகள் வருகின்றன.

யாரும் சிரிக்கவில்லை. "நாங்களும் செய்யணும்" என்றார்கள். எனக்கோ அவசரத்தில் பாதி மடிப்பு மறந்து போயிற்று. அம்மா தரையில் உட்கார்ந்தார்கள். "அத்தை, எனக்கு... அத்தை, எனக்கு" என்று பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். "எப்பிடி இவ்வளவு நேரா மடிக்கீங்க?" என்று ஒருத்தி கேட்க, "கவர் ஒட்டுற கை தாயி" என்று அம்மா சத்தமாகவே சொன்னார்கள். அவர்களுக்கு வெட்கமில்லை. எனக்குத்தான் அதுவரை இருந்தது.

அன்று முப்பத்தேழு கொக்குகள் ஆலய ஜன்னலில் நூலில் ஆடின. அந்தப் பையன் மட்டும் தன்னுடையதைத் தராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நண்பர்களே, தூர தேசத்தைக் காட்டப் போய் என் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது யாராவது கேட்டால் சொல்கிறேன்: "எங்க அம்மா பேப்பர் கவர் ஒட்டுறாங்க. அந்தக் காசுலதான் படிக்கேன்."