பாலி: வயலும் வில்லாவும்

மாலை ஆறு மணி. குட்டா கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகைகளும் பியர் பாட்டில்களுமாக ஒரே கூட்டம். இந்தோனேஷியாவின் பாலி முதலில் காட்டுவது இந்த முகத்தைத்தான். சற்றுத் தள்ளி, 2002 குண்டுவெடிப்பில் இறந்த 202 பேரின் பெயர் தாங்கிய நினைவுச்சின்னம். தெற்கே நுசா துவாவில் காவல் வாயிலுக்குப் பின்னே நட்சத்திர விடுதிகள்.

உபுட் பக்கம் போனால் படிப்படியாய் நெல்வயல். கோயில்கள் வழியே விவசாயிகள் நீரைப் பங்கிடும் 'சுபக்' முறையை 2012ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் வயல்கள் வில்லாக்களாகின்றன. மேல்வயல் விலைபோனால் கீழ்வயலுக்கு வாய்க்கால் அடைபடும் அபாயம். 2024 முதல் வெளிநாட்டவரிடம் பண்பாட்டைக் காக்கவென்று தலைக்கு 1,50,000 ரூபியா வசூலிக்கிறார்கள்.

பாலிப் புத்தாண்டான நியெபி அன்று விமான நிலையமே மூடப்படுகிறது. விளக்கு கிடையாது, பயணிகளும் விடுதியைவிட்டு வெளியேறக்கூடாது. அந்த ஒரு நாள் மட்டும் தீவு பாலிக்காரர்களுடையது.