ஃப்ளாஷ்பேக் இல்லாத பேய்

ராத்திரி ஒரு மணிக்கு ரூம்ல லைட்டை ஆஃப் பண்ணிட்டு, போர்வைக்குள்ள ஃபோனை வச்சுக்கிட்டு பேய்க்கதை படிக்கிற ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்.

'ஃபுவான் நோ தானே'ன்னு ஒரு ஜப்பானிய மாங்கா. எழுதி வரைஞ்சவர் மசாகி நகயாமா. தலைப்புக்கு 'பதற்றத்தின் விதைகள்'னு அர்த்தம் சொல்லலாம். எல்லாமே குட்டிக் குட்டிக் கதைகள். ஒவ்வொண்ணும் சில பக்கம்தான். யாரோ ஒருத்தர் வீட்டுக்கு நடந்து வருவார். ஏதோ சரியில்லையேன்னு திரும்பிப் பார்ப்பார். நீங்க பக்கத்தைத் திருப்புவீங்க. அங்க ஒரு முகம் இருக்கும். கதை முடிஞ்சுது!

என் ரூம்மேட் கிட்ட காட்டினேன். "மச்சி, மீதிக் கதை எங்கடா?"ன்னு கேட்டான். மீதியே கிடையாது. அதுதான் விஷயம்.

யோசிச்சுப் பாருங்க, படத்துல பேய் வரும்போது மியூசிக் இருக்கு, கேமரா இருக்கு. நீங்க கண்ணை மூடிக்கிட்டாலும் படம் பாட்டுக்கு ஓடும். காமிக்ஸ்ல அப்படி இல்லை. சத்தமே வராது. அந்த ஆள் திரும்பிப் பார்க்கிற கட்டத்தோட பக்கம் முடியும். அடுத்த பக்கத்துல ஏதோ இருக்குன்னு தெரிஞ்சும், நீங்களேதான் விரலை வச்சுத் திருப்பணும். நீங்க திருப்பாத வரைக்கும் பேய் வராது. ஆனா திருப்பாம இருக்கவும் முடியாது. (ஃபோன்ல படிச்சா ஸ்க்ரோல் மோடு வேண்டாம், பேஜ் மோடு வைங்க. கீழே தள்ளிக்கிட்டே போனா முகம் நெத்தியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும், காமெடி ஆயிடும்.)

ஜுஞ்சி இட்டோ ரசிகர்கள் சண்டைக்கு வராதீங்க. 'உசுமாகி' எனக்கும் பிடிக்கும். ஆனா அது ஒரு ஊரையே நூத்துக்கணக்கான பக்கத்துல மெதுவா முறுக்குற கதை. இவர் கதையில ஒருத்தர் பேர் தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்.

நாம பார்த்து வளர்ந்த பேய்களை எடுத்துக்கோங்க. 'காஞ்சனா' ஆகட்டும், 'அரண்மனை' ஆகட்டும், இடைவேளைக்கு அப்புறம் ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். பேய்க்கு ஒரு அநியாயம் நடந்திருக்கும். அது தெரிஞ்சதும் பயம் போயிடும், பாவமா இருக்கும், பேய்க்கு விசில் அடிப்போம். நகயாமாவோட பேய்களுக்கு எந்தக் கோபமும் இருக்கிற மாதிரி தெரியாது. கதவுகிட்ட, ஜன்னல்கிட்ட, மாடிப்படியில சும்மா இருக்கும். ஏன் இந்த வீடு, ஏன் இந்த ஆள்? பதில் கிடையாது.

எனக்கு இது ஏன் இவ்வளவு ஒட்டிக்கிச்சுன்னு சொல்றேன். போன வருஷம் ஒரு ராத்திரி அப்பா பாத்ரூம் வாசல்ல மயங்கி விழுந்துட்டார். ஈசிஜி, எக்கோ, தலைக்கு ஸ்கேன், எல்லாம் எடுத்தாங்க. எல்லாம் நார்மல். "அப்போ ஏன் சார் விழுந்தாரு?"ன்னு அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. சில நேரம் காரணம் கண்டுபிடிக்க முடியாதும்மான்னு டாக்டர் சொல்லிட்டார். சுகர், பிரஷர்னு ஏதாவது ஒண்ணு சொல்லியிருந்தா மாத்திரையாவது வாங்கிட்டு வந்திருப்போம். வெறுங்கையோட வந்தோம். இப்போ வீட்ல யாரும் பாத்ரூம் கதவைத் தாழ் போடுறதில்லை. ராத்திரி அப்பா எழுந்தா அம்மாவும் எழுந்திருக்கிறாங்க. அப்பா மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கார்.

அதுக்கப்புறம் லேட்டா வீட்ல இருந்து ஃபோன் வந்தா நான் உடனே எடுக்கிறதில்லை. ஸ்க்ரீன்ல 'அம்மா'ன்னு எரியுறதையே ஒரு செகண்ட் பார்ப்பேன். அந்த ஆள் திரும்பிப் பார்க்கிற கட்டம் அது. பக்கத்தை நான்தான் திருப்பணும்.

போன வாரம் 11.40-க்கு வந்துச்சு. எடுத்தேன். பேசினது அப்பா. வைஃபை பாஸ்வேர்டு மறந்து போச்சாம்.