கட்டும் தளையும்

எங்கள் விடுதி வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மாணவர் விடுதிக்கு இதைவிடப் பொருத்தமான மரம் வேறு எது என்று கொல்கத்தாவுக்கு வந்த முதல் நாளே நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அது மாலையில் இலைகளை மூடிக்கொண்டு உறங்கும், விடிந்ததும் விழித்துக்கொள்ளும். எங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நாட்டுச் சாலைகளில் குடைபிடித்து நிற்கும் மரம் அது. நான் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தவன். இருவரும் வெளியூரார் என்ற உறவு போதாதா? அதன் அடியில் உட்கார்ந்துதான் இரவு எட்டரை மணிக்கு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவேன்.

வீட்டில் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். நான் இங்கே சேர்ந்த மூன்றாம் மாதம் அப்பா காலமானார். தம்பி அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பாவின் இடத்தில் இனி நீதான் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். இன்று என்ன படித்தாய்? எத்தனை மதிப்பெண்? மாலையில் எங்கே போனாய்? யாரோடு போனாய்? நாள் தவறாமல் இந்தக் கேள்விகள். ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து ஒரு குடும்பத்தையே தாங்குவதாக எனக்கு நினைப்பு.

அந்த ஆண்டுச் சித்திரையில் ஒரு மாலை, கால்பைசாகி அடித்தது. வங்காளத்துக் கோடையில் வடமேற்கிலிருந்து திடீரென்று வந்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகும் சூறைக்காற்று அது. மறுநாள் காலையில் பார்த்தால் மரத்தில் விரிசல். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அது இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். பிரியும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

“வெட்டிவிட வேண்டியதுதான்” என்றார் விடுதிக் காப்பாளர். அவர் மீது குற்றம் சொல்ல மாட்டேன். 2020 மே மாதம் வந்த ஆம்பன் புயலில் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அதைக் கண்டவர்களுக்கு மரத்தைக் கண்டாலே பயம் வருவது இயல்புதானே?

எனக்கு மனம் கேட்கவில்லை. ஊரில் வாழை குலை தள்ளியதும் தாத்தா மூங்கில் வெட்டி முட்டுக் கொடுப்பார். மரத்துக்குக் கைகொடுப்பது எங்கள் குடும்பத் தொழில் அல்லவா? அறைத் தோழர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டேன். தடித்த இரும்புக் கம்பி வாங்கி வந்தோம். இரண்டு கிளைகளையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, கட்டை கொடுத்து முறுக்கினோம். விரிசல் மெல்ல மூடிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். காப்பாளரும் பார்த்துவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்று போய்விட்டார். அன்று இரவு தம்பியிடம் இந்த வீரச் செயலை அரைமணி நேரம் விவரித்தேன். அவன் “உம்” கொட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டரை ஆண்டுகள் சென்றன. தம்பி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். என் கேள்விகளும் வளர்ந்தன. ஒரு நாள் அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா எடுத்தாள். சிறிது தயங்கிவிட்டு, “அண்ணன் பேசினா மூச்சு முட்டுதும்மாங்கிறான்டா” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நன்றி கெட்டவன் என்று எண்ணினேன். யாருக்காக இவ்வளவும் செய்கிறேன் என்று அம்மாவிடமே கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

அந்த மாதத்தில்தான் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் விடுதிக்கு வந்தார். வாசலில் மரத்தைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். “யார் செய்த வேலை இது?” என்றார். பெருமையோடு முன்னே போனேன். அவர் விரலால் காட்டிய இடத்தைப் பார்த்ததும் பெருமை பறந்துவிட்டது. கம்பியைக் காணோம். மரம் பருத்துப் பருத்து, கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே சதை பிதுங்கினாற்போல் வீக்கம். ஒரு பக்கக் கிளையில் இலைகள் நோஞ்சானாய் இருந்தன. தினமும் அதன் அடியில் உட்கார்ந்தவன் நான். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை!

அவர் கடிந்துகொள்ளவில்லை, பாடம் சொன்னார். இலைகள் சமைக்கும் உணவு பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிக் கட்டிய கம்பி அந்த வழியைச் சுருக்குப்போல் இறுக்கிவிடும். இரு கிளைகள் குறுகலாகப் பிரியும் இடத்தில் நடுவே பட்டை சிக்கிக்கொள்வதால் மரத்தோடு மரம் ஒட்டுவதில்லை. பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது.

“அப்படியானால் எப்படித்தான் கட்டுவது?” என்று கேட்டேன்.

முதலில் கிளைகளின் பாரத்தைச் சற்றுக் கழித்துக் குறைக்க வேண்டும். பிறகு பிரியும் இடத்திலிருந்து உச்சிவரை உள்ள உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே போய், ஒவ்வொரு கிளையிலும் ஊடுருவத் துளையிட்டு, போல்ட் செருகி, எஃகு வடத்தால் இரண்டையும் இணைக்க வேண்டும். உயரத்தில் கட்டினால் சிறு பலமே போதும். வெடித்த இடத்தில் ஒரு தண்டைக் குறுக்கே செலுத்தி, இரு முனையிலும் மறை போட வேண்டும்.

“துளையிட்டால் மரத்துக்கு வலிக்காதா?” என்றேன். அவர் சிரித்தார். துளை சிறு காயம்தான். உணவு அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மரம் காயத்தை நம் உடம்பைப்போல் ஆற்றுவதில்லை; அதைச் சுற்றி உள்ளே வேலி எழுப்பி, மேலே புது மரம் வளர்த்து மூடிவிடும். வளையத்தைச் சுற்றிப் போகத்தான் அதற்கு வழியில்லை.

பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தைத்தது. வடத்தில் தொய்வும் கூடாது, இழுப்பும் கூடாது. காற்றில் அசைய அசையத்தான் மரம் தன் அடியைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. அசையவே விடாமல் பிடித்து வைத்தால், தானாக நிற்க அது கற்றுக்கொள்ளாது. இதற்காகவே இன்று சில இடங்களில் எஃகுக்குப் பதிலாக நெகிழும் செயற்கை நார்க் கயிற்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டுகிறார்கள். எப்படிக் கட்டினாலும் ஆண்டுதோறும் ஏறிப் பார்க்க வேண்டும். கட்டியவனுக்கு ஓய்வு இல்லை.

“கம்பியை இப்போதே பிடுங்கிவிடட்டுமா?” என்றேன்.

“வெளியே தெரிவதை வெட்டிவிடு. உள்ளே புதைந்ததைப் பிடுங்காதே, இன்னும் கிழியும்.”

மரம் ஏறத் தெரிந்த ஆட்கள் வந்து, அவர் சொன்னபடியே வடமும் தண்டும் பொருத்தினார்கள். கம்பியை மட்டும் நானே வெட்டினேன்.

அடுத்த வாரம் ஹௌராவில் உள்ள தாவரவியல் தோட்டத்துக்குப் போனேன். 1787-இல் தொடங்கிய தோட்டம் அது. அங்கே உள்ள பேராலமரம் 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டது. பூஞ்சை பற்றிய அதன் அடிமரத்தை 1925-இல் எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. ஆயினும் 3,000-க்கு மேற்பட்ட விழுதுகள் அந்த மரத்தை ஏந்தி நிற்கின்றன. அடிமரம் போன பிறகு எந்த விழுதும் ‘நானே அடிமரம்’ என்று நடுவில் போய் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று தன் கிளையைத் தாங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு தம்பிக்கு ஒரு வரி எழுதினேன்: “இனி நான் கேட்க மாட்டேன், நீ பேச நினைக்கும்போது பேசு.” பழையவற்றைக் கிளறி மன்னிப்புக் கேட்கவில்லை. புதைந்ததைப் பிடுங்கக் கூடாதென்று பாடம் கேட்டிருந்தேனே!

பதினெட்டு நாள் அவன் பேசவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் எட்டரை மணிக்குக் கை தானாகத் தொலைபேசியிடம் போகும். மரத்தடியில் உட்கார்ந்து என் கையை நானே பிடித்துக்கொள்வேன். பத்தொன்பதாம் நாள் அவனே கூப்பிட்டான்.

“அண்ணா, காலாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிவிட்டேன்.”

நாக்கின் நுனியில் ஏழெட்டுக் கேள்விகள் வந்து நின்றன. விழுங்கிவிட்டு, “அப்படியா? சாப்பிட்டாயா?” என்றேன். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவன்தான் பேசினான்.

மரம் நிற்கிறது. கம்பி இறுக்கிய வடு மறையவில்லை. மறையாது என்றும் சொல்கிறார்கள். மெலிந்த கிளையில் இந்த ஆண்டு தளிர் விட்டிருக்கிறது. அடுத்த சித்திரைக்குள் நான் படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுவேன். விடுதிக்குப் புதிதாக வரும் தம்பிமார்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்து அந்த வடத்தை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.