பொன்முடி அடிவாரத்தில் ஓர் இரவுக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். கடற்கரையின் புழுக்கத்தில் காலை ஆகாரத்தை முடித்துப் புறப்படுகிறவர், மதியத்துக்கு முன்பே மூடுபனிக்குள் நிற்கிறார். விடுதி அறையின் வாடகை கட்டுப்படியாகாத குடும்பம், வாரம் முழுதும் சரக்கு ஏற்றும் தன் பிக்கப் வண்டியில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்தில் ஓரிரவு தங்கி வரலாம்.

ஆனால் அப்படிப்பட்ட பிரயாணத்தில் பெரும்பாலும் ஒருவர் வீட்டிலேயே விடப்படுகிறார். அவர் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பாட்டியாகவோ, இரவில் மூச்சிரைக்கும் பேரப்பிள்ளையாகவோ இருப்பார். "அங்கே கரண்ட் இல்லையே, அம்மா" என்று ஒரே வார்த்தையில் காரியம் முடிந்துவிடுகிறது. வண்டியின் கூரையில் இரண்டு சூரிய மின்தகடுகள் இருந்தால் அந்த வார்த்தையைச் சொல்ல அவசியமிராது.

இந்த நகரத்துக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய உறவு உண்டு. தும்பா கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அதற்காக அங்கிருந்த புனித மகதலேனா மரியாள் ஆலயமும் ஆயர் இல்லமும் விஞ்ஞானிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கு இணங்கி அதற்கு வழிசெய்தவர் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா. மீனவக் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். அங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை, 2018-இல் இஸ்ரோ இந்தியத் தொழில் நிறுவனங்களுக்கு வழங்க முன்வந்தது. நாம் வண்டியில் வைக்கப்போகும் பேட்டரி அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து இரவின் தேவையை எழுதுங்கள். தகட்டை முதலில் வாங்கிவிட்டுத் தேவையைப் பிறகு தேடுவது, துணியை வெட்டிவிட்டு ஆளை அளப்பது போன்றது. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு ஐந்து மணி நேரம் எரிந்தால் 50 வாட்-மணி. பன்னிரண்டு வாட் டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரம் சுழன்றால் 96. நான்கு கைபேசிகளுக்கு 60. நெபுலைசர் கருவி 150 வாட் இழுத்தாலும், பத்து நிமிடம் மட்டுமே ஓடுவதால் 25 வாட்-மணியோடு நின்றுவிடும். ஆகப் பெரிய செலவாளி 12 வோல்ட் சிறு குளிர்பெட்டி. நாளொன்றுக்கு 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து 600-க்குச் சற்றே குறைவு.

அந்தக் குளிர்பெட்டி உண்மையில் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். திறக்காத இன்சுலின் குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வரையான குளிர் வேண்டும். திறந்து பயன்படுத்தும் குப்பியோ 30 டிகிரிக்கு உட்பட்ட இடத்தில் பொதுவாக நான்கு வாரம் கெடாது. உங்கள் மருந்துக்குரிய கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிரவுப் பயணத்துக்குத் திறந்த குப்பி போதுமென்றால் நிழலே போதும். ஆனால் வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் அதை வைத்தால் கெட்டுவிடும். குளிர்பெட்டியில் மருந்து உறைந்துபோனாலும் அது பயனற்றதே.

இனி தகடு. நூறு வாட் தகடு ஒன்று, ஜனவரி முதல் மார்ச் வரையான தெளிந்த நாளில், வெப்பம், தூசி, கம்பி இவற்றின் இழப்புகள் போக 300 முதல் 350 வாட்-மணி தரும். ஆகவே இரண்டு தகடுகள். திருவனந்தபுரம் எட்டரை டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் சூரியன் ஆண்டு முழுதும் உச்சிக்கு அருகாகவே செல்கிறது. டில்லியில் குளிர்காலத்தில் தகட்டைச் சாய்த்து வைக்காவிட்டால் நஷ்டம் மிகுதி. இங்கே கூரையோடு கிடையாக வைத்தாலும் இழப்பு சொற்பமே. கூரைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றோட இடைவெளி விடுங்கள். சூடேறிய தகட்டின் உற்பத்தி டிகிரிக்கு டிகிரி குறையும்.

கேரளத்தில் தகட்டுக்கு முதல் சத்துரு தென்னை. மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் கீற்று நிழல்கூட உற்பத்தியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தேங்காய் விழுந்தால் என்னவாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை!

பேட்டரியில், 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஒன்று 1,280 வாட்-மணி கொள்ளும். இரண்டு இரவு தாங்கும். அதே அளவு ஈய-அமில பேட்டரி விலை குறைவு; ஆனால் இருமடங்குக்கும் மேல் கனக்கும், பாதிக்குமேல் வடித்தால் சீக்கிரம் நலிந்துவிடும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே எம்.பி.பி.டி. வகைக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கட்டும். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் கட்டாயம். மெல்லிய கம்பியும் ஃபியூஸ் இல்லாத இணைப்பும் வண்டியைத் தீக்கிரையாக்கக் கூடியவை. சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே விசாரித்து வாங்கலாம். பொருத்துவதை மட்டும் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மாநில அரசின் அனெர்ட் நிறுவனம் 1986 முதல் இந்நகரிலிருந்து இயங்குகிறது. சந்தேகங்களை அங்கே கேட்கலாம்.

இந்நாட்டில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என்று இரண்டும் உண்டு. அந்நாட்களில் தகடு பாதிகூடத் தராமற்போகலாம். ஓடும் எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டி.சி.-டி.சி. கருவி ஒன்று இருந்தால், மலையேறி இறங்கும் நேரமே பாதி பேட்டரியை நிரப்பிவிடும்.

சட்டத்தையும் கவனியுங்கள். பிக்கப்பின் பின்தட்டில் ஆட்களை ஏற்றக்கூடாது. பதிவுச் சான்றில் உள்ள எண்ணிக்கைக்கு மேற்பட்டவர்கள் கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்தில் விதுரா வந்து சேரட்டும். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் வாகன அலுவலகத்தில் கேளுங்கள். கேரளத்தில் இவ்விஷயத்தில் கண்டிப்பு அதிகம். வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டில் கூடாரம் போடவும் கூடாது. விதுரா பக்கத்தில் தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டுத் தங்குவதே நலம். பொன்முடிக்குப் பகலில் ஏறி இறங்கிவிடுங்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் விரைந்து அநேகரை மீட்டார்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஊர்களில், மாடியில் சிக்கியவர்களின் கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல வழியின்றித் தவித்தவர்கள் உண்டு. வண்டியின் மேல் கிடக்கும் இருநூறு வாட், அப்படிப்பட்ட நாளில் ஒரு தெருவின் கைபேசிகளையெல்லாம் உயிரோடு வைக்கும்.

வீடு திரும்பியதும் தகட்டை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கோவளம், சங்குமுகம் பக்கம் நிறுத்தியிருந்தால் உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். பேட்டரியை இறக்கி, பாதிக்குமேல் மின்னேற்றத்தோடு குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதன் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும்.