தண்ணி எங்கே போகுது?

வாய்க்கால்ல திறந்துவிட்ட தண்ணி கடைசி வயலுக்கு வந்து சேரலைன்னா, எந்த விவசாயியும் மோட்டாரைக் கூடுதலா ஓட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டான். வரப்பு மேல நடந்து போய், எலி வளையா நண்டு வளையான்னு பார்த்து அடைச்சுட்டுத்தான் வருவான். அதே ஆள், பழைய காரில் தண்ணி குறைந்தால் மட்டும் ஒரு பாட்டில் ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பான். எங்கள் ஊரில் இது சர்வசாதாரணம்.

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் தோட்டம். எங்களிடம் இருப்பது இருபது வருசத்துக்கு மேல் ஓடிய டீசல் கார். வீதியில ராத்திரி யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவ வலின்னா முதலில் தட்டுவது எங்க வீட்டுக் கதவைத்தான். அதனால் இந்த வண்டி வழியில் நின்றால் அது எங்கள் வீட்டுக் கஷ்டம் மட்டும் இல்லை.

போன கோடையில் வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் குறைய ஆரம்பித்தது. சமவெளியில் டெம்பரேச்சர் முள் அசையவே இல்லை. தாளவாடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. ஏசியை அணைத்து, ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடவில்லை.

காரணம் இருக்கு. தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணி ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழவும் வாய்ப்பு உண்டு.

முதலில் பார்த்த பட்டறையில், "கீழ சொட்டே இல்லைங்க, அப்ப உள்ளதான் போகுது. ஹெட் கேஸ்கட். எஞ்சினைப் பிரிக்கணும்"னு சொல்லி 25,000 ரூபாய் கேட்டார்கள். ஒரு போகத்துக்கான உரக்காசு அது. அவ்வளவு பெரிய வேலைக்குத் தலையாட்டும் முன், தண்ணி போகும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

தண்ணி போக மூணே வழிதான். ஒன்று, மூடி. அதன் ரப்பர் இறுகிப்போனால் அழுத்தம் நிற்காது. தண்ணி சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாக வெளியேறும். விலை குறைந்த சாமான் அதுதான், அதனால் முதலில் அதை மாற்றினேன். அப்படியும் குறைந்தது.

இரண்டாவது, எஞ்சினுக்குள். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வரும். ஆயில் பால் காப்பி நிறத்துக்கு மாறலாம். காலையில் குளிர்ந்த வண்டியை, மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்தால், ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும். மூணு நாள் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

மூணாவது, வெளியே. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்தேன். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. காலுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமில்லை, உள்ளே இனிப்பு வாசனையும் இல்லை. அதனால் ஹீட்டர் மேலும் சந்தேகம் போயிற்று.

கடைசியில் கோபியில் ஒரு வயசான மெக்கானிக்கிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க தம்பி, கீழ சொட்டலைன்னா ஒழுகலைன்னு அர்த்தமா? சூட்டுல கசியறது ஃபேன் காத்துலயே காஞ்சிரும். தரைக்கு எங்கீங்க வரும்?"

குளிர்ந்த எஞ்சினில், மூடி இருக்கும் இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். பத்து நிமிசத்தில் முள் மெல்ல இறங்கியது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேடினோம். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகக் காய்ந்த கறை. அந்த ஓட்டை கம்பெனியே வேண்டும் என்று வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணி பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியே வந்து நமக்குத் தகவல் சொல்லும். பம்பும் பெல்ட்டும் மாற்றி 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. எஞ்சினைப் பிரிக்கவே இல்லை.

அவர் சொன்ன இன்னும் சில விசயம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேனைப் பாருங்க. மேட்டிலும் வேகத்திலும் மட்டும் ஏறினால், தண்ணி அளவையும் ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்க. எங்க ஊர் ரோட்டில் நெல் காயப்போடுவதால் பதரும் வைக்கோலும் முன்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். போர் தண்ணி ஊற்றவே கூடாது. அதன் உப்பு குழாய்களுக்குள் படியும். முள்ளை மட்டும் நம்பாதீங்க; தண்ணி ரொம்ப இறங்கிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நின்று சூட்டைக் குறைத்துக் காட்டும்.

பழைய கூலன்ட்டை வாசலில் கொட்டாதீங்க. இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது விசம். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்க.

இப்போ ரிசர்வ் டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஞாயிறு காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பேன். ஆறு மாசமாகத் தண்ணி அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. போன வாரம் நடுராத்திரி பக்கத்து வீட்டுப் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். முள் பாதியைத் தாண்டவில்லை.