பெருவிரலும் காந்தளும்

மலேசிய மலையூரான தானா ராத்தாவின் விடியற்காலைக் குளிரை என் வலது கால் பெருவிரல்தான் முதலில் அறியும். கம்பளி உரசினாலே உயிர் போகிற வலி. கௌட் என்னும் மூட்டுநோய். உடம்புச் சூட்டில் இரத்தம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் அளவுக்குத்தான் யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட்டைக் கரைத்து வைத்திருக்கும். சூடு குறைந்தால் அந்த அளவும் இறங்கிவிடும். கால்விரல் உடம்பின் குளிர்ந்த மூலை. உப்பு அங்கே ஊசி ஊசியாகப் படிகிறது.

வலி கண்டதும் வீட்டில் பருப்பு நின்றது. சாம்பார் ஆகாது, பயறு ஆகாது, கீரை ஆகாது என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். இரண்டு வருஷம் வெறும் ரசத்தில் கழிந்தது. வீண் பத்தியம். 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் அதிகம் தின்றவர்களுக்கே கௌட் கூடுதலாக வந்தது. பருப்பாலும் கீரையாலும் கூடவில்லை. நான் விட்டிருக்க வேண்டியவை சம்பல் நெத்திலி, ஈரல் பிரட்டல், பீர், பிறகு கெட்டிப்பால் ஊற்றி நாளுக்கு நான்கு கிளாஸ் குடித்த தே தாரிக். சர்க்கரையில் பாதி ஃபுருக்டோஸ். அது ஈரலில் உடையும்போது யூரிக் அமிலம் பிறக்கிறது. தேயிலைமேல் குற்றமில்லை. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் அம்மா கிள்ளிய கொழுந்து அது. இப்போது பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் குடிக்கிறேன்.

டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரையின் பெயர் கோல்சிசின். அது எந்தெந்தச் செடியில் இருக்கிறது என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்வலிக்கிழங்கு! நம் செங்காந்தள்! நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பாட்டி, லயத்து வாசலில் உட்கார்ந்து அந்தப் பூவைப் பற்றி எத்தனை முறை சொல்லியிருப்பாள். வேதாரண்யம் பக்கத்து வேலியில் கார்த்திகையில் பூக்குமாம். அடி மஞ்சள், நுனி சிவப்பு, இதழெல்லாம் மேல்நோக்கித் தீ மாதிரி நிற்குமாம். பறிக்கப் போனவளின் கையை அவள் அம்மா தட்டிவிட்டாளாம்: "பூவைப் பாரு, கிழங்கைத் தொடாதே." குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது காந்தள். மலைக்குரிய பூ. மலையிலேயே பிறந்து வளர்ந்த நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. கடலோரத்துப் பாட்டி பார்த்திருக்கிறாள். இன்று தமிழ்நாட்டில் மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். பாட்டியைப் போல அந்த விதையும் கடல் கடக்கிறது, மருந்துக்காக.

யூரிக் அமிலத்தின் பெரும்பங்கை உடம்பே உண்டாக்குகிறது. பத்தியத்தால் மட்டும் கொஞ்சம்தான் இறங்கும். ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்ததை நிறுத்தாதீர்கள், அளவைக் கூட்டவும் கூட்டாதீர்கள். வலி தாங்காமல் யாராவது கண்வலிக்கிழங்கைத் தோண்டப் போனால் தடுத்துவிடுங்கள். கோல்சிசின் அளவு மீறினால் உயிரை எடுக்கும்.