பதிவுச்சீட்டும் பிறப்புரிமையும்

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற காரைக்கால் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் மகள் 2012இல் பாரீஸிலிருந்து லண்டனுக்குச் சென்று நான்காண்டு படித்தாள். பிறகு வேலையில் சேர்ந்தாள். சட்டபூர்வமாக ஐந்தாண்டு வாழ்ந்தால் நிரந்தர வசிப்புரிமை உண்டு என்பது ஐரோப்பியச் சட்டம். ஆனால் மாணவர்க்கு முழுமையான நோய்க் காப்பீடும் வேண்டுமாம். வணிகக் காப்பீடு குறித்து ஆலிம்கள் பலர் எழுப்பிய ஐயம் ஒருபுறம். அரசு மருத்துவமனையோ அவளிடம் கட்டணமே கேட்டதில்லை.

2017இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. இலவச மருத்துவம் காப்பீடு ஆகாது என்றார்கள். மறு ஆண்டு பிறந்த பேரனுக்குப் பிறப்பாலேயே கிடைத்திருக்க வேண்டிய பிரிட்டிஷ் குடியுரிமையும் இதனால் தடைபட்டது. மருமகனும் அந்நாட்டவர் அல்லர்.

பிரெக்சிட்டையொட்டி வந்த குடியமர்வுத் திட்டம் காப்பீட்டைக் கேட்கவில்லை. மகள் தங்கிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். பின்னர் 2022 மார்ச் 10 அன்று, வட அயர்லாந்தில் வாழ்ந்த பாகிஸ்தானியத் தாய் ஒருவரின் வழக்கில், பொது மருத்துவ அமைப்பில் இலவசமாகச் சேர்ந்திருப்பதே போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கட்டணம் செலுத்திப் பேரனைக் குடிமகனாகப் பதியலாம்தான். உரிமையாக இருந்ததை விலைக்கு வாங்குவதா? மகளின் பழைய மருத்துவர் பதிவுச்சீட்டுகளைத் தேடியெடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம். துஆச் செய்யுங்கள்.